பிரவுசரில் பிடிஎஃப் திறக்க மாட்டேங்குது: சாம்பல் பக்கம், 3 கேபி கோப்பு, ‘ப்ளீஸ் வெயிட்’, குப்பை எழுத்து

ஸ்ரீராமபுரம் ஜெராக்ஸ்:

வணக்கம். பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஜெராக்ஸோடு ஆன்லைன் வேலையும் செய்து கொடுக்கிற கடை. இரண்டு சிஸ்டம் இருக்கு. ஒன்று விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம், குரோம் அப்டேட்டில் இருக்கு. இன்னொன்று பழைய விண்டோஸ் 7, 4 ஜிபி. குரோம் 109-ஓடு நின்னுடுச்சு. இரண்டிலும் ஐடிஎம் (இன்டர்நெட் டவுன்லோடு மேனேஜர்) போட்டிருக்கு.

பிடிஎஃப் விஷயத்தில் திரும்பத் திரும்ப வருகிற தொல்லைகள்:

அ) ஒரு வங்கித் தளத்தில் லாகின் செய்து ஸ்டேட்மென்ட்டை அழுத்தினால் சாம்பல் நிறப் பக்கம், நடுவில் ‘ஃபெயில்டு டு லோட் பிடிஎஃப் டாக்குமென்ட்’. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கோப்பு இருக்கும், ஆனால் 3 கேபிதான்.

ஆ) வேறொரு தளத்தில் ‘வியூ’ அழுத்தினால் ஒன்றும் நடக்காது. சில நேரம் வெறும் வெள்ளை டேப் திறக்கும்.

இ) கனடா விசா படிவம் திறந்தால் ‘ப்ளீஸ் வெயிட்’ என்று ஒரே ஒரு பக்கம். எவ்வளவு நேரம் விட்டாலும் அதேதான்.

ஈ) ஊரிலிருந்து அனுப்புகிற பழைய தமிழ்ச் சுற்றறிக்கை, நில ஆவணம் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறது. பழைய கன்னடக் கோப்பிலும் இதே கதை.

உ) ஸ்கேன் செய்த கிரயப் பத்திரம், 40 பக்கம். விண்டோஸ் 7 சிஸ்டத்தில் ஸ்க்ரோல் செய்தாலே குரோம் படுத்துவிடும்.

கேஷ் க்ளியர் செய்தாச்சு, குரோமை அழித்து மறுபடியும் போட்டாச்சு. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கணும்?


மெஜஸ்டிக் மணி:

சிம்பிள் சார். அடோபி ரீடர் இன்ஸ்டால் பண்ணி, பிரவுசர்ல அதோட ப்ளக்-இன் ஆன் பண்ணுங்க. பாஸ்வேர்டு கேக்குற ஃபைல் இருந்தா ஆன்லைன்ல அன்லாக் பண்ற சைட் நிறைய இருக்கு, ஏத்தி எடுத்துக்கலாம்.


பிழைத்தேடி:

மணி சார், அந்த ப்ளக்-இன் காலம் முடிந்துபோச்சு. ரீடரின் ப்ளக்-இன் ஓடியது என்பிஏபிஐ என்ற பழைய முறையில். குரோம் அதை 2015 செப்டம்பரில், 45-ஆம் பதிப்போடு அடியோடு எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் 52-ஆம் பதிப்பில் ஃபிளாஷைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்தியது. இப்போது குரோமுக்குள் பிடிஎஃப் காட்டுவது அதற்குள்ளேயே இருக்கிற பிடிஎஃபியம், ஃபயர்ஃபாக்ஸில் பிடிஎஃப்.ஜேஎஸ். ரீடர் கடையில் இருக்க வேண்டியதுதான், ஆனால் பிரவுசருக்கு வெளியே, தனி நிரலாக.

அன்லாக் தளத்தில் அடுத்தவருடைய ஆதாரையோ ஸ்டேட்மென்ட்டையோ ஏற்றுவது வேண்டவே வேண்டாம். பாஸ்வேர்டு தெரிந்த கோப்புக்கு அது தேவையும் இல்லை. குரோமே கேட்டு வாங்கித் திறந்துவிடும்.

ஜெராக்ஸ் சார், நீங்கள் சொன்ன ஐந்தில் எதற்கும் குரோமை அழித்துப் போடுவது மருந்து இல்லை. சாம்பல் பக்கம் வந்தால் பிரவுசரைச் சந்தேகப்படும் முன் கோப்பைச் சந்தேகப்படுங்கள். வந்திருப்பது பிடிஎஃப்தானா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

அந்த 3 கேபி கோப்பின் மேல் ரைட் கிளிக், ‘ஓப்பன் வித்’, நோட்பேட். உண்மையான பிடிஎஃப் என்றால் முதல் வரியிலேயே சதவீதக் குறி, ஒட்டியபடி பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு சிறு கோடு, 1.4 அல்லது 1.7 போல ஓர் எண் இருக்கும். அதற்குக் கீழே படிக்க முடியாத குப்பை. அது சரிதான், பயப்பட வேண்டாம். கடைசி வரிக்குப் போனால் இரண்டு சதவீதக் குறியும் இஓஎஃப் என்ற மூன்று எழுத்தும். இந்த இரண்டும் இருந்தால் கோப்பு முழுசாக வந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

அப்படி இல்லாமல் முதல் எழுத்தே ‘<’ என்று ஆரம்பித்தால் அது பிடிஎஃப் இல்லை, வெப் பக்கம். பிடிஎஃப் என்று பெயர் மட்டும் ஒட்டியிருக்கிறது. உங்கள் 3 கேபி அதுவாகத்தான் இருக்கும். கோப்புப் பெயரின் கடைசியில் இருக்கிற பிடிஎஃபை அழித்து எச்டிஎம்எல் என்று மாற்றி டபுள் கிளிக் செய்யுங்கள். ‘செஷன் எக்ஸ்பயர்டு, மறுபடி லாகின் செய்யவும்’ மாதிரி ஒரு வாசகம் திறக்கும். சர்வர் என்ன சொல்ல வந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும். (பெயரின் கடைசிப் பகுதி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், விண்டோஸ் 10-இல் ஃபோல்டரின் மேலே ‘வியூ’, அதில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ டிக். விண்டோஸ் 7-இல் ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ போய் ‘ஹைடு எக்ஸ்டென்ஷன்ஸ்’ டிக்கை எடுக்கணும்.)

ஏன் இப்படி வருகிறது? வங்கித் தளங்களில் ஸ்டேட்மென்ட்டுக்கென்று நிலையான முகவரி இருப்பதில்லை. நீங்கள் பட்டனை அழுத்தும்போது தேதி, கணக்கு விவரம் எல்லாம் ஒரு படிவமாக சர்வருக்குப் போகிறது; அதற்குப் பதிலாகத்தான் பிடிஎஃப் வருகிறது. நடுவில் ஐடிஎம் புகுந்து, ‘இது டவுன்லோடு, நான் பார்த்துக்கிறேன்’ என்று அந்த முகவரியை எடுத்துக்கொண்டு தனியாக மறுபடி கேட்கிறது. இந்த முறை படிவ விவரம் போகாது, சில நேரம் லாகின் குக்கியும் (லாகின் செய்தவர் நீங்கள்தான் என்று காட்டும் சிறு அடையாளத் தகவல்) போகாது. சர்வர் லாகின் பக்கத்தைக் கொடுக்கும். ஐடிஎம் அதையே வாங்கி பிடிஎஃப் என்று பெயரிட்டு வைத்துவிடும். லிங்க்கில் ரைட் கிளிக் செய்து ‘சேவ் லிங்க் ஆஸ்’ கொடுத்தாலும் இந்த மாதிரித் தளங்களில் விளைவு இதேதான்.

ஐடிஎம்மில் ‘ஆப்ஷன்ஸ்’, ‘ஃபைல் டைப்ஸ்’ போனால் அது தானாகப் பிடிக்கும் கோப்பு வகைகளின் பட்டியல் இருக்கும். அதில் பிடிஎஃப் என்பதை மட்டும் அழித்து ஓகே கொடுங்கள். படம், சாஃப்ட்வேர் டவுன்லோடு எல்லாம் முன்போலவே ஓடும். அவசரத்துக்கு, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே லிங்க்கை கிளிக் செய்தால் அந்த ஒரு முறை ஐடிஎம் குறுக்கே வராது.

ஐடிஎம்தான் காரணமா என்று உறுதி செய்ய குரோமில் கெஸ்ட் விண்டோ திறந்து பாருங்கள்: வலது மேல் மூலையில் புரொஃபைல் படம், அதில் ‘கெஸ்ட்’. அங்கே எந்த எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்; ஐடிஎம் குரோமுக்குள் நுழைவதும் இப்படித்தான்) ஓடாது. கெஸ்ட்டில் திறந்து, சாதாரண விண்டோவில் திறக்கவில்லை என்றால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன். இரண்டிலும் திறக்கவில்லை என்றால் சர்வர் அல்லது நெட்.

இன்னும் இரண்டு விதம் உண்டு. நோட்பேடில் முதல் வரி சரியாக இருந்து கடைசியில் இஓஎஃப் இல்லை என்றால் பாதியில் அறுந்த டவுன்லோடு. மறுபடி இறக்குங்கள், திரும்பவும் அதே இடத்தில் அறுந்தால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு முயலுங்கள். ஹாட்ஸ்பாட்டில் முழுசாக வந்தால் கடையின் நெட் லைனையோ ரவுட்டரையோதான் பார்க்க வேண்டும். அதிலும் அறுந்தால் ஆன்டிவைரஸின் வெப் ஸ்கேனைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள். இன்னொரு விதம், கோப்பு முழுக்க இடைவெளியே இல்லாத ஆங்கில எழுத்தும் எண்ணுமாக, ஜே-வி-பி-இ-ஆர் என்று தொடங்கி ஓடும். அது பேஸ்64 வடிவத்தில் (கோப்பை வெறும் எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை) இருக்கிற பிடிஎஃப். தளத்துக்காரர் பிரித்துக் கொடுக்க மறந்துவிட்டார். விண்டோஸிலேயே இருக்கிற செர்ட்யூட்டில் கட்டளையை டீகோட் தெரிவோடு ஓட்டினால் அசல் பிடிஎஃப் கிடைக்கும்.


அல்சூர் நெட்வொர்க்:

பிழைத்தேடி சொன்னதோட ‘ஆ’வை நான் சேர்க்கிறேன். ‘வியூ’ அமுக்கினா ஒண்ணும் நடக்கலன்னா முதல்ல முகவரிப் பட்டியோட வலது ஓரத்தைப் பாருங்க. சின்னதா ஒரு ஜன்னல் படம், மேல சிவப்புப் பெருக்கல் குறி இருந்தா பாப்-அப் தடுக்கப்பட்டிருக்கு. அதை கிளிக் பண்ணி ‘ஆல்வேஸ் அலோ’ கொடுத்துட்டு, ‘வியூ’வை மறுபடி அமுக்குங்க. அனுமதி கொடுத்தா மட்டும் போதாது, ஏற்கனவே தடுத்த ஜன்னல் பல தளங்கள்ல ஒழுங்கா திறக்காது.

வெள்ளை டேப் திறந்து முகவரியில ‘அபவுட் பிளாங்க்’னு நின்னா அது வேற. தளம் பழசு. பிடிஎஃப் முழுசையும் எழுத்தா மாத்தி முகவரிக்குள்ளயே வெச்சு புது டேப்ல திறக்கிற முறை முன்னாடி இருந்துச்சு. மோசடிப் பக்கங்களுக்கு அது வசதியா இருந்ததால குரோம் 2017-ல 60-ஆம் பதிப்போட நிறுத்திடுச்சு, அடுத்த வருஷம் ஃபயர்ஃபாக்ஸும் நிறுத்திடுச்சு. தளத்துக்காரங்க கோடை மாத்தணும், நம்ம செட்டிங்ல சரியாகாது. அந்தத் தளத்துல ‘டவுன்லோடு’ பட்டனோ ‘மெயிலுக்கு அனுப்பு’ங்கிற வசதியோ இருந்தா அதுல போங்க.

என்ன நடக்குதுன்னு கண்ணால பார்க்கணும்னா எஃப்12, ‘நெட்வொர்க்’ டேப், அப்புறம் பட்டனை அமுக்குங்க. புதுசா வர்ற வரியை கிளிக் பண்ணி ‘ஹெடர்ஸ்’ பாருங்க. ஸ்டேட்டஸ் 200-ஓ 206-ஓ இருந்து ‘கன்டென்ட் டைப்’ல பிடிஎஃப்னு இருந்தா சர்வர் ஒழுங்கா கொடுத்திருக்கு. 302 வந்து லாகின் பக்கத்துக்குத் தள்ளினா செஷன் (லாகின் ஆன நிலை) போச்சு. 401, 403 வந்தா அனுமதி இல்ல. ‘கன்டென்ட் டைப்’ல ஆக்டெட் ஸ்ட்ரீம்னு இருந்தா பிரவுசருக்கு அது பிடிஎஃப்னு தெரியாது, திறக்காம நேரா இறக்கும். ‘கன்டென்ட் டிஸ்பொசிஷன்’ல அட்டாச்மென்ட்னு இருந்தாலும் அப்படித்தான். இது ரெண்டும் பிழை இல்ல, இறங்கின கோப்பைத் திறந்தா வேலை முடிஞ்சுது.

ஒரே தளத்தை ரெண்டு டேப்ல லாகின் பண்ணி வெக்காதீங்க. கூட்ட நேரத்துல ரெண்டு கஸ்டமருக்கு ஒரே பிரவுசர்ல வேலை பார்த்தா பின்னாடி வந்தவரோட செஷன் முன்னாடி இருந்ததை அடிச்சுடும், முதல் டேப்ல எதை அமுக்கினாலும் பிழைதான். ஒருத்தருக்கு சாதாரண விண்டோ, இன்னொருத்தருக்கு கெஸ்ட் விண்டோன்னு பிரிச்சுக்குங்க.

பழைய சிஸ்டத்துல தேதி சரியா இருக்கான்னும் பாருங்க. மதர்போர்டு பேட்டரி போயிருந்தா கரண்ட் போய் வர்றப்ப தேதி பல வருஷம் பின்னாடி போயிடும். எச்டிடிபிஎஸ் தளம் எதுவும் ஒழுங்கா திறக்காது, ‘யுவர் க்ளாக் இஸ் பிஹைண்டு’னு வரும். சிஆர்2032 வட்ட செல் ஒண்ணு மாத்தினா போதும்.


படிவம் பாண்டி:

‘இ’க்கு வருகிறேன். ‘ப்ளீஸ் வெயிட்’ என்பது லோட் ஆகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தக் கோப்பில் பிரவுசருக்குத் தெரிகிற பக்கம் அது ஒன்றுதான். உண்மையான படிவம் எக்ஸ்எஃப்ஏ என்ற வடிவத்தில் உள்ளே தனியாக இருக்கிறது. அடோபி லைவ்சைக்கிளில் செய்த படிவங்கள் இப்படி இருக்கும். கனடா குடியேற்றத் துறையின் ஐஎம்எம் படிவங்களில் பல இந்த வகைதான். குரோமும் எட்ஜும் வழக்கமாக அந்த மேல்பக்கத்தோடு நின்றுவிடும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பயன் இல்லை. அந்தப் பக்கத்தையே பிரின்ட் போட்டு வாங்கிப் போகிறவர்களும் உண்டு, பாவம்.

செய்ய வேண்டியது: லிங்க்கில் ரைட் கிளிக், ‘சேவ் லிங்க் ஆஸ்’. (பிழைத்தேடி வேண்டாமென்றது லாகின் தளங்களுக்கு. இந்தப் படிவங்களுக்கு நிலையான முகவரி இருப்பதால் இங்கே இதுதான் சரியான வழி.) பிறகு அடோபி ரீடரைத் திறந்து, ‘ஃபைல்’, ‘ஓப்பன்’ வழியாக அந்தக் கோப்பை எடுங்கள். டபுள் கிளிக் செய்தால் மறுபடி குரோமிலோ எட்ஜிலோ போய் விழும், ஏனென்றால் விண்டோஸ் 10-இல் பிடிஎஃபுக்கு முன்னிருப்பாக எட்ஜ்தான் இருக்கும். செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’, ‘டீஃபால்ட் ஆப்ஸ்’ போய் பிடிஎஃபுக்கு ரீடரை வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

ஃபயர்ஃபாக்ஸ் 93-ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2021 அக்டோபரிலிருந்து, எக்ஸ்எஃப்ஏ படிவத்தைக் காட்டுகிறது. படித்துப் பார்க்க அது போதும். நிரப்பிக் கொடுக்க ரீடரில்தான் செய்ய வேண்டும். அந்தப் படிவங்களில் கடைசியில் ‘வேலிடேட்’ அழுத்தியதும் பார்கோடு உருவாகிற வகை உண்டு. ரீடருக்கு வெளியே அந்த பட்டனை நம்பி விண்ணப்பம் அனுப்பக் கூடாது.

கையோடு பாஸ்வேர்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கடையில் தினமும் கேட்பார்கள். இ-ஆதாருக்கு ஆதாரில் உள்ளபடி ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்து, பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு நான்கு இலக்கம். நம்மவர்கள் பெயரில் இனிஷியல் முன்னால் இருப்பதுதான் சிக்கல்: ஆதாரில் பி, புள்ளி, குமார் என்று இருந்தால் பி, புள்ளி, கே, யு என்பதுதான் அந்த நான்கு. புள்ளியும் கணக்கில் சேரும், இடைவெளி சேராது. பெயரே மூன்று எழுத்து என்றால் மூன்றும் ஆண்டும். இ-பான் கோப்புக்குப் பிறந்த தேதி எட்டு இலக்கம்: நாள், மாதம், ஆண்டு. வருமான வரித் தளத்தின் ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல்) அறிக்கைக்கு பான் எண் சின்ன எழுத்தில், ஒட்டியபடி அதே எட்டு இலக்கப் பிறந்த தேதி.

எல்லாம் சரியாகப் போட்டும் தவறு என்று சொன்னால் கீபோர்டைப் பாருங்கள். தமிழ்99 ஆனில் இருந்தால் பெட்டிக்குள் தமிழ் எழுத்துதான் போய் விழும், ஆனால் கண்ணுக்குக் கறுப்புப் புள்ளி மட்டுமே தெரியும். விண்டோஸ் 10-இல் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். சந்தேகம் இருந்தால் நோட்பேடில் ஒரு தடவை அடித்துப் பார்த்து, அதை காப்பி செய்து ஒட்டுங்கள்.


எழுத்துரு ஏகாம்பரம்:

‘ஈ’ என் பேட்டை.

பிடிஎஃபில் எழுத்து சரியாகத் தெரிய வேண்டும் என்றால் எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்க வேண்டும். பழைய தமிழ் ஆவணங்கள் பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்தவை. அவற்றில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். எழுத்துரு பொதியாமல் பிடிஎஃப் செய்திருந்தால் உங்கள் சிஸ்டம் ஏரியலையோ வேறெதையோ போட்டு நிரப்பும், போர்வை போய் ஆங்கிலம் தெரியும். பாமினியில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. வரிக்கு வரி அரைப்புள்ளியாக இறைந்து கிடந்தால் பாமினியை முதலில் சந்தேகப்படுங்கள், அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அந்தக் குறிதான். கன்னடத்தில் பழைய நுடி எழுத்துருவில் அடித்த கோப்புகளுக்கும் இதே காரணம்.

சரிபார்ப்பது எப்படி: ரீடரில் கோப்பைத் திறந்து கன்ட்ரோல்+டி, அதில் ‘ஃபான்ட்ஸ்’ டேப். எழுத்துருவின் பெயர் பக்கத்தில் ‘எம்பெடட்’ அல்லது ‘எம்பெடட் சப்செட்’ என்று இருந்தால் பொதிந்திருக்கிறது. இல்லாமல் கீழே ‘ஆக்சுவல் ஃபான்ட்’ என்று வேறு பெயர் காட்டினால் மாற்று எழுத்துரு ஓடுகிறது. அங்கே முதலில் இருக்கிற பெயர்தான் நமக்குத் தேவை. அந்தப் பெயருடைய எழுத்துருவை விண்டோஸில் நிறுவி, ரீடரை மூடித் திறந்தால் பெரும்பாலும் தமிழ் வந்துவிடும். குரோம் சில நேரம் எடுத்துக்கொள்ளும், சில நேரம் எடுக்காது; அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். எழுத்துரு கிடைக்கவில்லை என்றால் அனுப்பியவரிடம் சொல்லி, அவர்கள் சிஸ்டத்திலேயே எழுத்துருவைப் பொதிந்து மறுபடி பிடிஎஃப் செய்து அனுப்பச் சொல்வது ஒன்றே வழி. வாட்ஸ்அப்பில் மறுபடி மறுபடி அனுப்பி வாங்குவதால் எதுவும் மாறாது.

இன்னொரு வகை: திரையில் தமிழ் அழகாகத் தெரியும், காப்பி செய்து வேர்டில் ஒட்டினால் குப்பை. அங்கே எழுத்துரு இருக்கிறது, எந்த உருவம் எந்த யூனிகோடு எழுத்து என்ற அட்டவணைதான் உள்ளே இல்லை. பிரின்ட் எடுக்க மட்டும் என்றால் கவலைப்படாதீர்கள். வாசகம் வேண்டும் என்றால் பக்கத்தைப் படமாக்கி ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பது) செய்ய வேண்டும். கூகுள் டிரைவில் ஏற்றி ‘ஓப்பன் வித் கூகுள் டாக்ஸ்’ கொடுத்தால் தமிழ் ஓசிஆர் ஓரளவு நன்றாகவே வரும். சர்வே எண், பரப்பளவு மாதிரி எண்களை மட்டும் அசலோடு வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கணும். வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டால், அவருடைய கணக்கிலேயே செய்யுங்கள்.


ஸ்ரீராமபுரம் ஜெராக்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. நோட்பேடில் பார்த்தேன், பிழைத்தேடி சார் சொன்ன மாதிரி ‘<’ தான். ஐடிஎம் பட்டியலில் பிடிஎஃபை எடுத்ததும் ஸ்டேட்மென்ட் டேபிலேயே திறந்தது. ஆனால் மேலே இருக்கிற டவுன்லோடு அம்பை அழுத்தி சேமித்தால் மறுபடி 3 கேபி! இப்போதைக்கு பிரின்ட் போய் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ கொடுத்து சேமிக்கிறேன். இது சரியா? ‘உ’வுக்கும் ஏதாவது வழி சொல்லுங்கள். அப்புறம், டிஜிட்டல் கையெழுத்துப் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கிறது என்று ஆதார் பிரின்ட்டை வாங்க மறுக்கிறார்கள் சிலர்.


பிழைத்தேடி:

பிரின்ட் வழியாக சேமிப்பது கண்ணுக்கு அதே பக்கம்தான், ஆனால் அது புது பிடிஎஃப். அசலில் இருந்த டிஜிட்டல் கையெழுத்து அதில் இருக்காது, நிரப்பும் கட்டங்களும் போய்விடும். கடனுக்கோ விசாவுக்கோ கொடுக்கிற ஸ்டேட்மென்ட்டை அப்படிச் சேமித்துக் கொடுத்தால், சரிபார்க்கிறவர் கையெழுத்து இல்லை என்று திருப்பலாம். காகித பிரின்ட் மட்டும் போதும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

டேபில் திறந்ததைச் சேமிக்கும்போது குரோம் அதே முகவரியிடம் மறுபடி கேட்கப் போனால் பழைய கதைதான், படிவ விவரம் இல்லாமல் லாகின் பக்கம் வரும். அதற்கு வழி, முதல் தடவையே திறக்காமல் நேராக வட்டுக்கு இறக்குவது. குரோம் செட்டிங்ஸ், ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, கீழே ‘அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ்’, ‘பிடிஎஃப் டாக்குமென்ட்ஸ்’. அங்கே ‘டவுன்லோடு பிடிஎஃப்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி பட்டனை அழுத்தியதும் சர்வர் கொடுத்த முதல் பதிலே, கையெழுத்தோடு, டவுன்லோட்ஸில் விழும். இந்த செட்டிங் உங்களுக்குத் தெரியாமல் ஆன் ஆகி இருந்தால்தான் ‘திறக்காமல் இறங்குகிறது’ என்று பலர் புகார் சொல்வது. உங்களைப் போன்ற கடைக்கு ஆனிலேயே இருப்பது நல்லது என்பேன். மாற்றாக ஃபயர்ஃபாக்ஸில் திறந்து சேமிக்கலாம். அது ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிற தரவையே எழுதும். ஒரு முறை மட்டும் செல்லுகிற லிங்க் கொடுக்கும் தளங்களில் ஃபயர்ஃபாக்ஸ் பாதியில் நின்றால், கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்பது காரணமாக இருக்கலாம். ‘அபவுட் கான்ஃபிக்’ பக்கத்தில் பிடிஎஃப்ஜேஎஸ் டிசேபிள் ரேஞ்ச் என்ற வரியை ‘ட்ரூ’ ஆக்கினால் ஒரே மூச்சில் வாங்கும்.

ஆதார் கேள்விக்குறிக்கு: குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் கையெழுத்தைச் சரிபார்ப்பதில்லை, கோப்பில் வரைந்திருக்கிற படத்தை அப்படியே காட்டும். அதனால் பிரவுசரில் எத்தனை முறை திறந்தாலும் அது கேள்விக்குறிதான். நெட் இருக்கும்போது ரீடரில் திறந்து, கையெழுத்தின் மேல் ரைட் கிளிக், ‘ஷோ சிக்னேச்சர் ப்ராப்பர்டீஸ்’, ‘ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட்’. இடப்பக்கம் வரிசையில் மேலே சிசிஏ இந்தியா என்று தொடங்கும் சான்றிதழைத் தேர்ந்தெடுத்து, ‘டிரஸ்ட்’ டேபில் ‘ஆட் டு டிரஸ்டட் சர்டிஃபிகேட்ஸ்’, ஓகே. பிறகு ‘வேலிடேட் சிக்னேச்சர்’. பச்சை டிக் வந்ததும் ரீடரிலிருந்தே பிரின்ட் எடுங்கள். அந்தச் சான்றிதழை ஒருமுறை சேர்த்தால் அந்த சிஸ்டத்தில் அதன் கீழ் வரும் மற்ற கையெழுத்துகளுக்கும் போதும்.

‘உ’ வெறும் கணக்கு. ஏ4 பக்கம் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) கலரில் ஸ்கேன் செய்தால் சுமார் 4960-க்கு 7016 புள்ளி. கோப்பு சுருங்கி 2 எம்பி ஆகத் தெரிந்தாலும், திரையில் காட்ட விரிக்கும்போது பக்கத்துக்கு 100 எம்பியைத் தாண்டும். நாலைந்து பக்கம் ஸ்க்ரோல் செய்தால் 4 ஜிபி சிஸ்டம் மூச்சு வாங்கும். அதே பக்கம் 200 டிபிஐயில் 12 எம்பிக்குள் அடங்கும், பத்திரம் படிக்க அது போதும். நீங்களே ஸ்கேன் செய்வதை 200-இல், முத்திரை தெளிவாக வேண்டுமென்றால் 300-இல் வையுங்கள். வெளியிலிருந்து வரும் கனமான கோப்புக்கு சுமத்ரா பிடிஎஃப் என்ற சின்ன நிரல் போதும், இலவசம், பழைய சிஸ்டத்திலும் ஓடும். ஆனால் அதில் எக்ஸ்எஃப்ஏ படிவமும் வராது, கையெழுத்துச் சரிபார்ப்பும் கிடையாது. பக்கம் கறுப்பாகவோ பாதி வெள்ளையாகவோ வந்தால் மட்டும் குரோம் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’ போய் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை ஆஃப் செய்து பாருங்கள்.


அல்சூர் நெட்வொர்க்:

விண்டோஸ் 7 சிஸ்டம் பத்தி ஒரு வார்த்தை. குரோம் 110-லிருந்து விண்டோஸ் 10 கேக்குது, அதான் 109-ல நிக்குது. ஃபயர்ஃபாக்ஸ்ல விண்டோஸ் 7-க்குக் கடைசி வரிசை 115 இஎஸ்ஆர் (நீண்ட நாள் ஆதரவு தர்ற பதிப்பு). அது எக்ஸ்எஃப்ஏ படிவத்தையும் காட்டும், போட்டு வெச்சுக்குங்க. ஆனா வங்கி லாகினை மட்டும் விண்டோஸ் 10 சிஸ்டத்துலயே பண்ணுங்க. பழையதை ஸ்கேனுக்கும் பிரின்ட்டுக்கும் ஒதுக்கிடலாம்.

கெஸ்ட் விண்டோவை மூடினா ஹிஸ்டரியும் குக்கியும் போகும், இறக்கின கோப்பு போகாது. கஸ்டமரோட ஆதாரும் ஸ்டேட்மென்ட்டும் டவுன்லோட்ஸ்லயே கிடக்கும். கன்ட்ரோல்+ஜே பட்டியல்ல பெருக்கல் குறியை அமுக்கினா பட்டியல்ல இருந்து போனாலும் கோப்பு வட்டுல இருக்கலாம், அதை நம்பாதீங்க. ஃபோல்டருக்கே போய் ஷிஃப்ட்+டெலீட்.